ஹேலியின் பட்டியில் ஒரு குங்குமப் பொட்டு

யசீகரனுக்கு வெட்டுவது பிடிக்கும். ஓக்லாந்தின் விரி என்ற பகுதியில் உள்ள ஒரு பாதுகாப்பு உபகரணக் கம்பனியில், உயரத்தில் வேலை செய்கிறவர்களின் ஹார்னஸ்களைச் சோதிப்பது அவருடைய வேலை. தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் சுற்றிக் கட்டுகிற அந்தப் பட்டிகளில் தையல் பிரிந்திருந்தாலோ, வெயிலில் நிறம் வெளுத்திருந்தாலோ, இன்னதென்று தெரியாத கறை இருந்தாலோ, யாரும் மறுபடி எடுத்து மாட்டிவிடாதபடி நடுவில் வெட்டிப் போட்டுவிடுவார். கறை விஷயத்தில் அவருடைய சட்டம் கம்பனியின் சட்டத்தைவிடக் கடுமையானது. என்ன கறை என்று தெரியாவிட்டால் அதை அமிலம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இதை அவர் ஒரு தத்துவமாகச் சொல்வார். கேட்டவர்கள் ஒரு தொல்லையாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்படித் தொல்லைப்பட்டவர்களில் ஒருவன் மாசி என்ற புறநகரில் இருக்கும் பிருந்தன். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவனுடைய ஹார்னஸில் ஒரு துளி வெள்ளைப் பெயின்ற் இருந்தது. அது சுவருக்கு அடிக்கிற பெயின்ற்தான், வாளியையே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று மன்றாடிப் பார்த்தான். யசீகரன் வெட்டிவிட்டு, “உன்ர நன்மைக்குத்தான்” என்றார். அதற்குப் பிறகும் பிருந்தன் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டான். கூப்பிடுகிற விதம் மட்டும் மாறிவிட்டது.

ஹேலியின் ஹார்னஸ் வந்த நாளிலிருந்து யசீகரனுக்குத் தன் தொழில்மேல் மரியாதை இன்னும் கூடிற்று. ஹேலி, பறக்கிற விமானத்தின் மேல் நின்று வித்தை காட்டுகிறவள். இரட்டைச் சிறகுள்ள பழைய விமானம். மேல் சிறகின் நடுவில் ஓர் இரும்புக் கம்பம். அதில் தன்னைக் கட்டிக்கொண்டு அவள் கையை விரிக்க, விமானம் தலைகீழாகப் புரளும். சில வேளைகளில் கம்பத்தை விட்டு, ஒரே ஒரு கயிற்றின் துணையோடு கீழ்ச் சிறகுக்கும் இறங்கி நடப்பாள். கலியாண வீடுகளில் சாப்பாட்டு நேரம் பார்த்து யசீகரன் இதை விளக்குவார். பரசூட் கிடையாது; அது விரிகிற அளவுக்கு உயரம் இல்லை. கால் தவறினால் பட்டி தாங்கும், ஆனால் சிக்கலே அதற்குப் பிறகுதான். ஆள் தொங்க விமானம் தரையிறங்க முடியாது, அந்தக் காற்றில் அவளே ஏறி மேலே வர வேண்டும். இந்த இடம் வரும்போது மனைவி கஜந்தினி பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவாள். இவ்வளவும் சொல்கிறவர், வீட்டுக் கூரையின் மழைநீர்ப் பீலியில் இலை அடைத்தால் துப்புரவாக்க ஆள் பிடிப்பவர்.

ஓக்லாந்தில் குளிர் விட்டு விமானக் காட்சிகள் தொடங்குகிற காலத்தில்தான் நவராத்திரியும் வரும். ஆயுத பூசையன்று, சோதித்து முடித்து ஒரு குறையும் இல்லை என்று கண்ட ஹேலியின் ஹார்னஸை யசீகரன் பாபடோயிட்டோயில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கார்ச் சாவிக்கும் மகளின் லப்டொப்புக்கும் நடுவில், சாமிப் படத்துக்கு முன்னால் அதை விரித்தார். ஓர் உயிரைத் தாங்கப் போகிற பொருளுக்கு ஒரு பூசைகூட இல்லையா என்பது அவருடைய நியாயம். சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார். வைத்த இடம் நெஞ்சுப் பட்டியின் நட்டநடு.

மறுநாள் வேலையிடத்தில் பார்த்தபோது சந்தனம் உதிர்ந்துவிட்டிருந்தது, குங்குமம் உதிரவில்லை. ஈரத்துணியால் துடைத்தார். பொட்டாக இருந்தது உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பாகப் பரவியது. நல்ல குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்வது. அந்தப் பட்டி பொலியெஸ்டர். பொலியெஸ்டருக்குச் சுண்ணாம்பு போன்ற காரம் ஆகாது. கடைக்குங்குமம் என்றால் வெறும் சாயமாகவும் இருக்கலாம். கடைக்குப் போன் அடித்து என்ன கலந்திருக்கிறது என்று விசாரித்தார். சாமிக்கு வைக்கிற நல்ல குங்குமம்தான், பயப்படாமல் வையுங்கோ என்றார்கள்.

பிறகு யோசிக்கத் தொடங்கினார். தெரியாத கறை என்பதுதானே சட்டம்? இது தெரிந்த கறை, தானே வைத்த கறை. ஓட்டையே இல்லாத சட்டம் என்று இத்தனை காலம் பெருமைப்பட்டவர், அதில் ஓர் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கிற மாதிரியும் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் புது ஹார்னஸ் எடுக்கப் பிருந்தன் உள்ளே வந்தான்.

“அண்ணை, இதென்ன சிவப்பு?”

யசீகரன் சொன்னார். பொய் சொல்ல நேரம் போதவில்லை.

பிருந்தன் சிரிக்கவில்லை. “இது என்ர எண்டால் இந்நேரம் வெட்டியிருப்பியள்” என்றான்.

யசீகரன் ஹேலியைக் கூப்பிட்டு அனுப்பினார். பிருந்தன் புது ஹார்னஸை எடுத்த பிறகும் போகாமல் நின்றான். அவள் வந்து, அவர் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அந்தச் சிவப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“இது அறுமா?”

“அறாது. கிட்டத்தட்ட நிச்சயம்.”

கிட்டத்தட்ட என்று சொன்ன எத்தனையோ பேருடைய பட்டிகளை அவர் வெட்டியிருக்கிறார். அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். “கிட்டத்தட்டவா?”

யசீகரன் கத்தரியை எடுத்து நடுவில் வெட்டினார். அவள் உடம்பு அளவுக்குத் தைத்த பட்டி. வேறொன்று வெளிநாட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் இந்தச் சனிக்கிழமைக் காட்சி போய்விடும். அதற்காக அவள் குளிர்காலம் முழுவதும் பயிற்சி செய்திருந்தாள். வெட்டிய துண்டை அவள் கையில் எடுத்து, “நான் விழக்கூடாது என்றுதானே கும்பிட்டீர்கள்?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றார், தமிழிலேயே.

“சனிக்கிழமை நான் விழவே மாட்டேன்” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

வெட்டியதைத் துணிவு என்று சொல்ல முடியாது. பக்கத்தில் பிருந்தன் நின்றான். அவன் வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யசீகரன் பிறகு பலமுறை தன்னையே கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பதில் வருவதற்கு முன்னால் வேறு வேலை வந்துவிட்டது. நடந்ததை அறிந்த கஜந்தினி, “பொட்டை பட்டியில கயிறு கொழுவுற இரும்பு வளையத்தில வைச்சிருக்கலாமெல்லோ?” என்று மட்டும் கேட்டிருந்தாள். பட்டியின் ஒவ்வொரு தையலையும் அறிந்தவருக்கு அது தோன்றவில்லை.

சனிக்கிழமை யசீகரனும் கஜந்தினியும் காட்சிக்குப் போனார்கள். போகாமல் இருப்பது அதைவிட வெட்கம் என்று பட்டது. ஒலிபெருக்கியில், தொழில்நுட்பக் காரணத்தால் இன்று சிறகின் மேல் யாரும் நிற்க மாட்டார்கள் என்று அறிவித்தார்கள். தொழில்நுட்பக் காரணம் புல்வெளியில் உட்கார்ந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

“இஞ்சேருங்கோ, உங்களைத்தான் சொல்லுறாங்கள்” என்றாள் கஜந்தினி.

விமானம் எழும்பி, வெறும் கம்பத்தோடு தலைகீழாகப் புரண்டது. வழக்கமாக அந்த இடத்தில் யசீகரன் கண்ணை மூடிக்கொள்வார். அன்று மூடவில்லை. மேலே விழுவதற்கு ஒருவரும் இல்லை.