கிசேம்மாவின் இருபதாவது பல்

எங்கள் துறைமுகத்துச் சந்தையில் ஞாயிறு விடிந்தால் கணவாய்க் கருவாடு விற்கிறவர்கள் பதினைந்து பேராவது கடை போடுவார்கள். ஆனால் கூட்டம் நிற்பது கவாமுகாய் கிசேயின் கடையில்தான். கருவாடு எல்லாக் கடையிலும் ஒன்றுதான், பல்தான் வேறு. கிசேம்மா ஒரு முழுக் கணவாயை எடுத்துக் கடைவாயில் வைத்து, தன் தலையை ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். பாதி வாயில், பாதி கையில். “எனக்கு எழுபத்தொம்போது வயசு. எல்லாம் என் சொந்தப் பல்லு. உங்களுக்கு என்ன கேடு?” என்று கேட்பார். அதற்கு மேல் வாங்காமல் நகர யாருக்கும் துணிச்சல் வராது.

நான் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். துளைப்பதும் அடைப்பதும் பிடுங்குவதும் டாக்டர் பாடு. பல் காரையைச் சுரண்டுவது, தேய்த்துக் காட்டுவது, திட்டுவது என் பாடு. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் முன்னால் முதலில் வாயைத் திறந்தவர் கிசேம்மா. அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது, வாயில் மிச்சம் இருபத்திரண்டு பல். அறுபதுக்குள் பல்செட்டு கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று வேறெங்கோ ஒரு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எப்படித் தேய்க்கிறீர்கள் என்று கேட்டேன். மீன் பலகையைக் கழுவுவதுபோல் தேய்த்துக் காட்டினார். ஈறு தேய்ந்து வேர் வெளியே தெரிந்தது. கருவியை வாய்க்குள் விடாமல் நான் பிடித்துக்கொண்டே நின்றதைப் பார்த்துவிட்டு, “பயப்படாதடி, நான் கடிக்க மாட்டேன்” என்றார்.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். முரட்டுப் பிரஷைப் பிடுங்கிக்கொண்டு மெத்தென்ற பிரஷைக் கொடுத்தேன். பென்சில் பிடிப்பதுபோல் பிடிக்கச் சொன்னேன். பல்லிடுக்கில் குட்டி பிரஷ் விடப் பழக்கினேன். வருகிறபோதெல்லாம் ஃபுளோரைடு பூசினேன். திட்டுக்குப் பதில் திட்டு கிடைக்கும், ஆனால் சொன்னதைச் செய்வார். இத்தனை வருஷத்தில் போனது இரண்டே பல். மிச்சம் சரியாக இருபது.

எண்பது வயதில் இருபது சொந்தப் பல் உள்ளவர்களுக்கு எங்கள் ஊரில் ஜூன் மாதம் மேடை போட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். கூடவே ஒரு டஜன் பிரஷ், அவ்வளவுதான். ஆனால் கிசேம்மா அதற்காகப் பத்து வருஷமாகக் காத்திருந்தார். பக்கத்துக் கடை தோஷினோம்மாவுக்கு அறுபதிலேயே செட்டு. “என் பல்லு புதுசு, வலிக்காது. உன்னுது என்னைக்கு விழுமோ” என்று அவர் வாரா வாரம் சீண்டுவார். ஏப்ரலில் கிசேம்மாவுக்கு எண்பது.

ஆனால் அந்த ஜனவரியில் அவர் வரவில்லை. போன் செய்தால் வேலை அதிகம் என்றார். பிப்ரவரியில் ஜலதோஷம் என்றார். மார்ச்சில் போனையே எடுக்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சந்தைக்குப் போனேன்.

கிசேம்மா கணவாயைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. உள்ளே கருப்பு வெல்ல மிட்டாய். என்னைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டார். திறக்கச் சொன்னேன். தலையை ஆட்டினார். இரண்டு பேர் கருவாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கடைசியில் திறந்தார், போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ்வரிசை, வலப்பக்கம் நாலாவது பல். ஈறை ஒட்டிப் பழுப்பாக ஒரு குழி.

நடந்தது இதுதான். ஒரு பல் போனாலும் பத்தொன்பது ஆகிவிடும் என்ற பயத்தில் டிசம்பரிலிருந்து கடினமானது எதையும் கடிப்பதில்லை. ரத்த அழுத்த மாத்திரையால் நாக்கு வறள்கிறது என்று நாளுக்குப் பத்து மிட்டாய். மெல்லாத வாயில் எச்சில் குறையும், எச்சில் குறைந்த வாயில் சர்க்கரைக்குக் கொண்டாட்டம். பாம்புக்குப் பயந்து பாலை வார்த்து வளர்த்த கதைதான்.

பல் கூசத் தொடங்கியதுமே ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“தோலு கிழிஞ்ச கணவாய ஏலத்துல மொத தரத்துல வைப்பானா? தள்ளிருவான். தொளச்சு அடச்ச பல்ல மட்டும் கணக்குல வைப்பானா? பத்தொம்போதுக்கு எவன்டி சான்றிதழ் தருவான்?”

சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. முப்பத்திரண்டு வருஷமாக எது எதற்கோ திட்டியிருக்கிறேன். இந்த ஒன்றை ஒரு நாளும் சொல்லவில்லை.

“வேரு உங்களுதுன்னா பல்லும் உங்களுதுதான் கிசேம்மா. அடச்சதும் கணக்கு, மூடி போட்டதும் கணக்கு. பிடுங்குனாத்தான் போச்சு. இப்படியே விட்டா பிடுங்கத்தான் வேணும்.”

பக்கத்துக் கடையிலிருந்து தோஷினோம்மா, அப்படியானால் தன்னுடையதும் கணக்கா என்று கேட்டார். வேரில்லாததற்குக் கணக்கில்லை என்றேன். அவரே முதலில் சிரித்தார்.

மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரியின் இவாபுச்சி டாக்டர் அந்தப் பல்லைக் கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொத்தை நரம்பைத் தொட்டிருக்கிறதா இல்லையா என்பது சுரண்டிய பிறகுதான் தெரியும் என்றார். கிசேம்மா என் மேலங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டார். விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் சுரண்டினார், கழுவினார், மறுபடி சுரண்டினார். பிறகு கருவியைக் கீழே வைத்தார். நரம்புக்கு மேல் ஒரு தாள் கனத்துக்கு நல்ல பல் மிச்சமிருக்கிறது, தாங்கும் என்றார். குழியை வெள்ளையாக அடைத்தார். வெளியே தெரிந்த வேர்களுக்கெல்லாம் நான் ஃபுளோரைடு பூசினேன். மிட்டாய் டப்பாவைப் பறிமுதல் செய்து, சர்க்கரையில்லாத சூயிங்கமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்பினேன்.

ஜூனில் சுகாதார நிலையத்தில் பல் எண்ணினார்கள். எண்ணிய டாக்டர் பதினெட்டு, பத்தொன்பது என்று வந்து, அடைத்த பல்லின் மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றார். கிசேம்மாவின் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கின. “இருபது” என்றார் டாக்டர்.

மேடையில் ஒவ்வொருவரிடமும் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். ஒருவர் மத்தி மீன் என்றார், ஒருவர் நடைப்பயிற்சி என்றார். கிசேம்மா மைக்கை வாங்கி, கடைசி வரிசையில் இருந்த என்னைக் கையால் காட்டினார்.

“வாயில கைய விட்டுத் திட்ட ஒருத்தி வேணும். எனக்கு அந்தா உக்காந்திருக்கா.”

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் கணவாய்க்கு நடுவே தொங்கியது. கத்தரிக்கோலைக் காணவில்லை. கிசேம்மா என் எதிரிலேயே ஒரு கணவாயைக் கடித்து இழுத்துக் காட்டினார். பிறகு நல்லதாக ஒன்றைப் பொறுக்கி என்னிடம் கொடுத்தார். கூட்டம் பார்க்கிறதே என்று நானும் பெருமையாகக் கடித்து இழுத்தேன். நாக்கில் ஏதோ உருண்டது. துப்பிப் பார்த்தால், என் சொத்தைப் பல் ஒன்றின் மேல் எப்போதோ மாட்டியிருந்த மூடி. டாக்டருக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்கிறேன், மூன்று வருஷமாக என் வாயைத் திறந்து காட்டியதில்லை.

தோஷினோம்மா தன் செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிசேம்மா சிரிக்கவில்லை. மூடியை வாங்கி, கருவாடு போடும் பையில் போட்டு முடிச்சுப் போட்டு என் கையில் திணித்தார்.

“நாளைக்கே போயி நாற்காலில உக்காரு. பயப்படாதடி, டாக்டர் கடிக்க மாட்டாரு.”