ஈப்போவில் எடுத்த சேலை

தங்கையின் கணவர் இறந்த மறுநாள், மலேசியாவின் தென்கோடி ஜொகூரிலிருந்து வடக்கே தைப்பிங்குக்குத் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். விடியும் முன்பே கிளம்பியவன், ஈப்போவுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு உடம்பைத் தூக்கிவிடுவார்கள். தைப்பிங் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். நிற்காமல் போயிருக்கலாம்தான், ஆனால் கையில் கோடிச் சேலை இல்லை.

கணவன் இறந்தால், உடம்பைத் தூக்கும் முன் பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுச் சேலையைப் பெண்ணின் மேல் போர்த்த வேண்டும். எங்கள் பிறந்த வீட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். நான் கிளம்பிய நேரத்தில் ஜொகூரில் எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை.

லிட்டில் இந்தியாவில் வண்டி நிறுத்த இடமில்லை. மூன்று தடவை சுற்றினேன். அதற்குள் மாப்பிள்ளையின் அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். முதல் தடவை எங்கே வருகிறீர்கள் என்று கேட்டார். இரண்டாவது தடவை விஷயத்துக்கு வந்தார்.

“மச்சான், வெள்ளையா பாத்து எடுங்க. கரை கிரை இருந்தா பெருசுங்க பேசும்லா.”

பேசட்டுமே என்று சொல்ல வாய் வரை வந்தது. சரி என்றேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் போய்விடும், அப்புறம்தான் புத்தி போகும்.

வெள்ளை என்றாலே எனக்கு ஆகாது. அப்பா இறந்தபோது நாங்கள் இதே ஈப்போவை அடுத்த செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. தாய்மாமா வெள்ளைச் சேலையோடு வந்தார், போர்த்தினார், சாப்பிட்டார், போனார். அதன் பிறகு அம்மா பால்மரம் வெட்டப் போகும்போது பழைய சட்டையும் கைலியும், வீடு வந்து குளித்தால் வெள்ளை. சாகும்வரை அப்படித்தான். நான் மாமாவோடு பேசுவதை நிறுத்தினேன். என் கல்யாணத்துக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. தோட்டம் போய் அங்கே வீடுகள் வந்துவிட்டன, மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், என் கோபம் மட்டும் போகவில்லை. இப்போது அவர் நின்ற இடத்தில் நான்.

பச்சையோ சிவப்போ எடுத்துப் போய், நடுவீட்டில் நின்று, கேட்கிறவனை ஒரு வழி பண்ணிவிடுவது என்று வழியில் தாப்பா ஊரைத் தாண்டும்போதே முடிவு செய்திருந்தேன். பேச வேண்டியதையெல்லாம் ஸ்டியரிங்கிடம் பேசிப் பார்த்தும் ஆயிற்று.

கடையில் இருந்த அம்மாள் என்ன விசேஷத்துக்கு என்று கேட்டார். சொன்னேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து வெள்ளைகளை எடுத்துப் போட்டார். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்தாரோ என்னவோ, இப்போதெல்லாம் சந்தன நிறம் எடுக்கிறார்கள், இளம் ரோஸ்கூட எடுக்கிறார்கள் என்று அதையும் விரித்தார். சந்தனத்தைக் கையில் எடுத்தேன். யாருக்கும் கோபம் வராத நிறம். வழியெல்லாம் அவ்வளவு வீரம் பேசியவன் இதையா எடுப்பது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கீழே வைத்துவிட்டு இலைப்பச்சை ஒன்றைக் காட்டச் சொன்னேன்.

தங்கையிடமே கேட்டுவிடலாம் என்று காலையிலிருந்து ஏழு தடவை அவள் எண்ணுக்கு அடித்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ எடுத்து, அவளால் இப்போது பேச முடியாது என்றார்கள். பச்சைச் சேலையோடு நிற்கும்போதுதான் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. தங்கைதான். பக்கத்து வீட்டு அக்காவின் போனை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் இருந்தாள். குரல் கிசுகிசுவென்று வந்தது.

“அண்ணே, எங்க இருக்க?”

ஈப்போவில், சேலைக் கடையில் என்றேன். என்ன நிறம் வேண்டும் என்று நீயே சொல், யார் என்ன பேசினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பைப்பைத் திறந்துவிட்டிருந்தாள் போல, தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணே, எனக்குப் பசிக்குது.”

எனக்குப் புரியவில்லை. என்ன என்றேன்.

“நேத்து சாயந்தரத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. தூக்குற வரைக்கும் கூடாதுன்னுட்டாங்க. கால் நடுங்குது. நீ வெள்ளையே எடுத்துட்டு வா. சண்டை போடாத. சண்டை போட்டா தூக்க லேட்டாகும், அப்புறம் நான் எப்ப சாப்பிடறது?”

யாரோ கதவைத் தட்டினார்கள். வாரேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

நேற்றிலிருந்து அவளுக்காக எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம், நானும் சேர்த்து. சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பச்சையைத் திருப்பிக் கொடுத்தேன். வெள்ளையைக் கட்டச் சொன்னேன். உள்பாவாடையும் ஜாக்கெட் துணியும் வேண்டும், பெரிய பையாகக் கொடுங்கள் என்றேன்.

தெருமுனையில் ஒரு முஸ்லிம் அண்ணனின் சாப்பாட்டுக் கடை இருந்தது. வாசனை வராத சாப்பாடு ஏதாவது வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குழம்பு இல்லாமல் இடியாப்பம், மேலே தேங்காய்ப்பூ, சீனி. இரண்டு பொட்டலமாகத் தட்டையாகக் கட்டித் தரச் சொன்னேன். பையில் அடியில் பொட்டலங்கள், ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், அதன்மேல் பாவாடை, எல்லாவற்றுக்கும் மேலே சேலை.

பாதி வழியில், கோல கங்சாரில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போகிற லாரி தெரியவில்லை. வாழ்க்கையில் அப்படி வண்டி ஓட்டியதில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு இருபது. மாப்பிள்ளையின் அண்ணன் வாசலிலேயே நின்று, கொடுங்கள் பார்க்கலாம் என்று பைக்குக் கையை நீட்டினார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நானே சேலையை உருவிக் காட்டினேன். வெள்ளையைப் பார்த்ததும் தலையாட்டினார்.

மாப்பிள்ளையின் தலைமாட்டில் தங்கை உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. சேலையைப் போர்த்திவிட்டு, பாவாடை ஜாக்கெட் எல்லாம் இதில் இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிப் பையை அவள் மடியில் வைத்தேன். அடியில் கனத்ததை அவள் உணர்ந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. புதுச் சேலையைக் கட்டிவிட, பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அவளைக் கைத்தாங்கலாக அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

நான் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சேலை கட்ட இவ்வளவு நேரமா என்று மாப்பிள்ளையின் அண்ணன் வந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

“புதுச் சேலைலா மச்சான். மடிப்பு நிக்காது. கொஞ்சம் பொறுங்க.”

அவர் போகவில்லை. நானும் நகரவில்லை. அப்போது உள்ளே அவளுக்கு விக்கல் எடுத்தது. ஒரு தடவை, உடனே இன்னொரு தடவை. அது வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று நான் வாய்விட்டு அழ ஆரம்பித்தேன். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், பிறகு நிறுத்த முடியவில்லை.