டாங்கில் ஒட்டிய நட்சத்திரங்கள்

எழுபதுகளில் என் மனைவியின் அண்ணன் காதர்பேட்டையில் பனியன் வியாபாரம் செய்துவந்தார். ஒருமுறை பம்பாய்க்குச் சரக்கோடு போனவர், வெளிச்சம் பட்டால் மின்னும் ஒட்டுத்தாள் ஒரு கட்டு வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அத்தனையையும் என் மோட்டார் சைக்கிளில் ஒட்டிவிட்டார். பின் மட்கார்டில் சிவப்புப் பட்டை, பெட்ரோல் டாங்கின் இருபுறமும் மஞ்சள் நட்சத்திரங்கள்.

"இனி எத்தனை தூரத்துல வந்தாலும் தெரியுமுங்க மாப்ள" என்றார். மச்சானிடம் என்ன சொல்வது? சிரித்து வைத்தேன்.

கோடை முழுக்கப் பொறுத்துக்கொண்டேன். வீரபாண்டியில் நான் வேலை பார்த்த சாயப்பட்டறையில், என் வண்டி நுழைந்தாலே "தேர் வந்துருச்சுங்க" என்பார்கள். ஒருநாள் முதலாளியே அதைச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு பிளேடும் துணியுமாக வாசலில் உட்கார்ந்தேன்.

நகத்தால் கிள்ளினால் மினுமினுப்பு மட்டும் தூளாக உதிர்ந்து விரலில் அப்பியது. பிளேடால் சுரண்டினேன், பெயிண்டும் கூடவே வந்தது. ஒருவழியாகத் தாள் போனால் அடியில் பசை. ஆடிக்காற்றில் பறந்த புழுதியெல்லாம் அதில் வந்து உட்கார்ந்தது. மண்ணெண்ணெய் விட்டேன், பசை இளகி டாங்க் முழுக்கப் பரவியது. துடைக்க எடுத்ததோ பனியன் வேஸ்ட், பனியன் தைக்கும்போது கழிக்கும் துண்டுத்துணி. ஊரே பனியன் தைக்கும் எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? அதன் தும்பு அவ்வளவும் பசையில் ஒட்டி, டாங்குக்கு நரை முளைத்ததுபோல் ஆகிவிட்டது.

"உங்கண்ணனுக்கு வேற வேலையே இல்லியா புள்ள?" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

மனைவி கதவருகே வந்து நின்றாள். "அண்ணன எதுக்குங்க வையறீங்க? நாந்தான் வாங்கியாரச் சொன்னேன்."

நான் பிளேடைக் கீழே வைத்தேன்.

"பொழுது உழுந்தா அந்த வீரபாண்டி ரோட்டுல ஒரு லைட்டு இல்லீங்க. லாரிக்காரன் கண்ணுக்கு நீங்க தெரிய வேண்டாமுங்களா? வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடறதில்லீங்க."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா ஒட்ட உட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அது உண்மையாக இருந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது.

அவள் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து, கிழிந்த வேட்டித் துணியால் ஒரு பக்கம் தேய்த்தாள். மறுபக்கம் நான். பசை மெல்லத் திரண்டு வந்தது. கழுவிப் பார்த்தால், வெயிலில் வெளுத்த டாங்கில் தாள் மறைத்திருந்த இடங்கள் மட்டும் வெளுக்காமல், நட்சத்திர வடிவிலேயே நின்றன. பின் மட்கார்டுப் பட்டையைத் தொட அவள் விடவில்லை. நானும் வாதாடவில்லை.

மறுவாரம் மச்சான் வந்தார். வண்டியைச் சுற்றிவந்து டாங்கைத் தடவிப் பார்த்தார்.

"பசை சரியில்லீங்க மாப்ள, அதுக்குள்ள உழுந்துருச்சு பாருங்க. அடுத்த தடவ நல்லதா வாங்கியாறனுங்க."

மனைவி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே அவள் சிரிப்பை அடக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.