ராக்கையாவின் நான்காவது டயர்

பண்ணைப்புரம் ராக்கையாவுக்கு மாடுகளைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. அந்தப் பெருமையோடு அவர் இருந்திருக்கலாம். 1935-இல் இரண்டு ஜோடி மாடுகளையும் வண்டிகளையும் விற்றுவிட்டு, மதுரையிலிருந்து ஒரு சின்ன லாரியை வாங்கிக்கொண்டு வந்தார். வாழைத்தார் ஏற்றிப் போடி ரயிலடிக்குக் கொண்டுபோவதுதான் தொழில். பத்தொன்பதாம் நாளே இடது பின்பக்க டயர் வெடித்தது.

டயர் கம்பெனி ஆறு மாதத்துக்குக் கியாரண்டி கொடுத்திருந்தது. மறுபேச்சில்லாமல் புதுசு அனுப்பினார்கள். ராக்கையாவுக்கு நம்பவே முடியவில்லை. செத்த மாட்டுக்கு எந்தச் சந்தையில் மாற்று மாடு கொடுக்கிறான்?

அவர் மனைவி சந்தனம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. பிறந்த வீட்டுக் கமலைக் கிணற்றில், தண்ணீர் இறைக்கும் தோல் கூனையைப் பராமரித்தது அவள்தான். தோல் காய்ந்தால் வெடிக்கும். விளக்கெண்ணெய் பூசினால் வெடிக்காது. டயருக்கும் அதேதானே? வெள்ளிக்கிழமைதோறும் நான்கு டயர்களுக்கும் எண்ணெய் தேய்த்து, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் போல உருவிவிட்டாள். ராக்கையாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இரண்டாவது டயர் நாற்பது நாளில் வெடித்தது. மூன்றாவது, முப்பதே நாளில். எல்லாம் அதே இடது பின்பக்கம். பட்டறைக்காரர் சக்கரம் கோணல் என்றார். டயர் வியாபாரி, பாரம் அதிகம் என்றார். ரோட்டுக் கல்லைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல, ராக்கையாவுக்குத் தலை கிறுகிறுத்தது.

இந்த முறை கம்பெனி ஆள் ரயிலேறி நேரிலேயே வந்துவிட்டார்.

"கண்டபடி ஓட்டியிருக்கீங்க. பராமரிப்பே இல்ல" என்றார்.

ராக்கையாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன சொன்னீக? எங்க வீட்ல கேளுங்க. வாரம் தவறாம விளக்கெண்ணெய் போட்டுப் பாக்குறோம். பெத்த பிள்ளையக்கூட இப்படிப் பாக்கல!"

சந்தனம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பெருமையோடு கொண்டுவந்து காட்டினாள். வந்தவர் டயரை முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெய் ரப்பரத் தின்னுரும்யா. கியாரண்டி செல்லாது."

"மொத டயருக்கு எண்ணெயே போடலையே. அது ஏன் வெடிச்சுச்சு?"

"அதுக்குத்தான் புதுசு குடுத்தாச்சே. அந்தக் கதை முடிஞ்சது."

இது என்ன நியாயம் என்று ராக்கையாவுக்குப் பிடிபடவே இல்லை. கடைசியில் வந்தவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். 'இது என் மனைவி அறியாமையால் செய்த தவறு' என்று எழுதிக் கொடுத்தால், கடைசியாக ஒரு டயர் கிடைக்கும். ராக்கையா பேனாவை வாங்காமல் நின்றார்.

"போடுங்க. லாரி நின்னா என்ன செய்வீக? மாடும் இல்ல" என்றாள் சந்தனம்மாள். கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அவள் லாரிப் பக்கமே போகவில்லை. "நான் தொட்டா வெளங்காது" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். சோறு போட்டாள், சிரித்துக்கூடப் பேசினாள். லாரி கிளம்பும் நேரத்துக்கு மட்டும் வீட்டுக்குள் போய்விடுவாள். ராக்கையாவால் அதைத் தாங்க முடியவில்லை. போட்ட கையெழுத்தை நினைத்து நினைத்து வெட்கப்பட்டார்.

ஒரு சொட்டு எண்ணெய் படாத நான்காவது டயர், இருபத்தேழாம் நாள் போடி போகிற வழியில், தேவாரம் ஊருக்குப் பக்கத்தில் வெடித்தது.

வாழைத்தாரோடு லாரியை அப்படியே போட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக ஊர் வந்து சேர்ந்தார் ராக்கையா.

"ஏ சந்தனம்! டயர் வெடிச்சிருச்சு!"

அவர் போட்ட கூச்சலில், ஏதோ நல்ல சேதி என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு நின்றவரைச் சந்தனம்மாள் உற்றுப் பார்த்தாள்.

"அப்ப நான் இல்லையா?"

"நீ இல்ல புள்ள. நீ இல்லவே இல்ல."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்ப எதுதான் காரணம்?"

"யாருக்குத் தெரியும்!"

"லாரி எங்கன நிக்குது? வாங்க" என்று அவருக்கு முன்னால் நடந்தாள் சந்தனம்மாள்.