உடலில் காணப்பட்டவை

காவல் நிலையத்தில் அந்த எழுத்தருக்குக் 'கட்டுரை' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் நாலு வரியில் முடிக்கிற பிரேத விசாரணை அறிக்கையை அவர் நாலு பக்கம் எழுதுவார். இறந்தவரின் சட்டையில் எத்தனை பொத்தான், அதில் எது வேறு நிற நூலில் தைத்தது என்பது வரை இருக்கும். கேலி செய்தவர்களும் நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டால் அவரிடம்தான் ஓடி வந்தார்கள். இருபத்திரண்டு வருடம் எழுத்தர் மேசையில் ஒரு பிழை கிடையாது.

பேருந்து ஆற்றில் விழுந்த அன்று பத்தொன்பது உடல்கள். பாறையில் மோதிச் சிதைந்ததில் முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் கிடத்தி, ஒவ்வொன்றாக எழுதி முடித்து, வெளியே நின்ற உறவினர்களிடம் வந்தார். ஒரு தகப்பன் முன்னால் வந்தார்.

"உங்க பொண்ணு என்ன டிரஸ் போட்டிருந்தாங்க?"

"பேப்பர் படிச்சிட்டு இருந்தேன் சார். போயிட்டு வரேன்பான்னா. சரின்னேன். தலையைத் தூக்கிப் பாக்கலையே சார்."

அந்த மனிதர் ஐந்து உடல்களைப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தாவதுதான் அவருடைய மகள்.

மறுநாளிலிருந்து எழுத்தர் வீட்டில் பேப்பர் படிப்பதை விட்டார். தூக்கம் போனது. வாளி நிரம்பும் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் குழாயை மூடினார். "அரை வாளித் தண்ணியில எந்தப் பாதி உடம்பைக் குளிப்பாட்டறது?" என்று மனைவி அலுத்துக்கொண்டாள். வேலையில் குறை இல்லாததால் வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து, கல்லூரிக்குக் கிளம்பிய மகள் பேனா தேடி அவருடைய சீருடைப் பையில் கையை விட்டாள். ஒரு சின்ன நோட்டு வந்தது. தேதிவாரியாக அவளுடைய உடைகள். பச்சைச் சட்டை, இடது கையில் மைக் கறை. வார் தேய்ந்த செருப்பு.

"என்னப்பா இது? வேவு பாக்கறீங்களா? எவன்கூட சுத்தறேன்னு தெரியணுமா?"

பிறகு முதல் பக்கத்தைப் புரட்டினாள். கைப் பழக்கத்தில் பிரேத விசாரணைப் படிவத்தின் தலைப்பையே போட்டிருந்தார்: 'உடலில் காணப்பட்டவை.'

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, நான் இன்னும் சாகலை."

"அந்த ஆளு பாக்கலைம்மா," என்றார் அவர்.

"டாக்டரைப் பாருங்க. இந்த எழுத்தை நிறுத்துங்க. இல்லைன்னா நான் ஹாஸ்டலுக்குப் போயிடறேன். தினமும் என்னைப் பொணமா பாக்கற வீட்டுல என்னால இருக்க முடியாது."

"ஸ்டேஷன்ல தெரிஞ்சா, கட்டுரைக்கு மறை கழண்டுடுச்சும்பாங்க."

"கழண்டதை மாட்டத்தானே டாக்டர்?"

போனார். டாக்டர் என்னவென்று கேட்டதும் நோட்டையே நீட்டினார். டாக்டர் நிதானமாகப் படித்து, "இது இங்கயே இருக்கட்டும். எழுதாம எத்தனை நாள் தாங்குதுன்னு பாப்போம்," என்றார்.

இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் காலை, மகள் வாசலில் ஒரு கணம் கூடுதலாக நின்றாள்.

"மஞ்சள்பா."

"பாத்துட்டேன். போயிட்டு வா."

அன்று கடைத்தெருவில் மயங்கி விழுந்து இறந்த ஒரு முதியவருக்கு அறிக்கை எழுதினார். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"என்னய்யா கட்டுரை, கிழவனுக்கு மஞ்சச் சட்டை, காதுல முத்துத் தோடா? மாப்பிள்ளை பாக்கப் போறியா அவருக்கு?"

நிலையமே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார். தாளை வாங்கிக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினார். கட்டம் போட்ட சட்டை, வெள்ளை. பொத்தான் ஆறு.

எழுதி முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். மகள் வீடு திரும்ப இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. குனிந்து, கூடையிலிருந்து அந்தத் தாளை எடுத்துச் சுருக்கம் நீவி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகுமுன் மறக்காமல் கிழித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.