கார்டு மாமா போட்டுவைத்த பயணம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்கு அந்த வருஷம் ஐம்பத்து நான்கு வயது. இருபத்தொன்பது வருஷமாக ஒரே கம்பெனியில் வேலை. ஊரில் உயரமான கட்டடம் எதைக் காட்டினாலும் அதில் எத்தனை லிஃப்ட், எது முரண்டு பிடிக்கும், எது ஐந்தாம் மாடியில் ஒரு விரற்கடை இறங்கி நிற்கும் என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அவருக்கு மெக்கானிக் என்றுதான் பெயர். "மெக்கானிக் சார் இன்னிக்காவது நம்ம வீட்டுக் குழாயைப் பாப்பாரா?" என்று மனைவி கேட்டால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைப்பவளுக்குப் புருஷன் மட்டும் வசப்படவில்லை.

மெக்கானிக்குக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. அக்கா புருஷன் ரயிலில் கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டுகிற வேலை. முப்பத்தாறு வருஷம் ஊர் ஊராகப் போனார், ஆனால் எந்த ஊரையும் ஸ்டேஷனுக்கு வெளியே எட்டிப் பார்த்ததில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மெக்கானிக்கின் ஒரே மகள்தான் இரண்டு வீட்டுக்கும் செல்லம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாரும் கூடுவார்கள். ஒரு மாதம் அக்கா வீட்டில், மறுமாதம் தம்பி வீட்டில். சாப்பாடு, அதன்பிறகு சீட்டு, அதன்பிறகு சண்டை. சண்டை கார்டு மாமாவால்தான் வரும். அவர் சீட்டில் கள்ளாட்டம் ஆடுவார். அது எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த வருஷத்தின் முதல் கூட்டம் அக்கா வீட்டில் நடந்தது. மாமா ஓய்வுபெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. சாப்பாடு முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்ளே, பத்தாவது மாசம் ஒன்பது நாள் லீவு சொல்லிடு. நாலு பேரும் கிளம்பறோம்."

"எங்கே மாமா?"

"உங்கக்காகிட்டயே கேளு. வேண்டிக்கிட்டது அவதானே?"

நான்கு வருஷம் முன்பு மாமாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து அக்கா வேண்டிக்கொண்டாள்: இவர் பிழைத்து எழுந்தால், இரண்டு பேருமாக அந்தக் கடலோரக் குன்றின்மேல் இருக்கும் புனிதத் தலத்துக்கு வருகிறோம் என்று. மாமா பிழைத்தார். ஆனால் லீவு கிடைக்கவில்லை. ஒரு வருஷம் ஆள் பற்றாக்குறை, ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் அக்காவுக்கே கால் எலும்பு முறிவு. இப்போது தடுக்க ஒன்றுமில்லை. போகும்போது ஒரு பகல் ஒரு ராத்திரி, வரும்போது ஒரு பகல் ஒரு ராத்திரி, நடுவில் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என்று மாமா நிமிஷக் கணக்காகத் திட்டம் போட்டு வைத்திருந்தார்.

மெக்கானிக்குக்குக் கடவுள் விஷயத்தில் பக்தியும் கிடையாது, பகையும் கிடையாது. வாரம் ஒருநாள் மாலையில் அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிரார்த்தனைக் கூடத்தின் வாசலில் இறக்கிவிட்டு, வெளியே பேப்பர் படித்துக்கொண்டு காத்திருப்பார்.

"உள்ள வந்தா உன்னை யாரும் கடிச்சுட மாட்டாங்கடா" என்பாள் அக்கா.

"வண்டியை யார் பாத்துக்கறது? நீ எனக்கும் சேர்த்துச் சொல்லிட்டு வா."

நான்காவது மாதக் கூட்டத்துக்கு மகள் ஒரு பையனைக் கூட்டிவந்தாள். பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். விடிவதற்கு முன்பே வேலைக்குப் போகிறவன் என்பதால் சாப்பிட்டு முடித்ததும் கண் செருக ஆரம்பித்துவிட்டது. மாமா விடவில்லை. சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே, "தம்பி, உட்காருங்க. குடும்பத்துக்குள்ள வர்றதுன்னா ஒரு பரீட்சை இருக்கு" என்றார். முதல் ஆட்டத்தில் பையன் தோற்றான். இரண்டாவதிலும் தோற்றான். மூன்றாவது ஆட்டத்தில் மாமாவின் கையில் இருக்க வேண்டிய ராஜா பையனின் முழங்காலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"மாப்ளே," என்றார் மெக்கானிக்கின் பக்கம் திரும்பி, "கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிக் குடு."

ஏழாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாமா இறந்தார். பயணத்துக்கென்று புது ஷூ வாங்க அக்காவோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஒரு காலில் ஷூவைப் போட்டுப் பார்த்து, "கொஞ்சம் கடிக்குதே" என்றார். பழுப்பு நிறம் வேண்டாம், கறுப்பே எடுங்கள் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் இன்னொரு ஜோடியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது மாமா ஸ்டூலிலிருந்து சரிந்திருந்தார்.

அந்த நேரத்தில் மெக்கானிக் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கம்பிக்கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையின்போது போன் கையில் இருக்கக் கூடாது என்பது விதி. கீழே இறங்கிப் பெட்டியைப் பூட்டி, கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தபோது பதினேழு அழைப்புகள் இருந்தன. ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் மாமாவின் பழைய ஷூ ஒன்று. தம்பியைப் பார்த்ததும், "எங்கடா இருந்தே?" என்று மட்டும் கேட்டாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. கூடுவதா வேண்டாமா என்று கேட்க யாருக்கும் நா எழவில்லை. சரியாகப் பதினொரு மணிக்கு அக்காவே தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், பாத்திரம் துடைத்துக் கொடுத்தாள். சீட்டுக்கட்டு அலமாரியைவிட்டு வரவில்லை.

பிரார்த்தனைக் கூடத்துக்கு மட்டும் அவள் போகவில்லை. மெக்கானிக் வாராவாரம் அதே நேரத்துக்கு ஸ்கூட்டரோடு போய் நிற்பார். "இன்னிக்கு வேண்டாம்டா" என்பாள். நான்காவது வாரம் அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் சொன்னாள்:

"வேண்டிக்கிட்டு நாலு வருஷம் போகாம இருந்தேன். அதான் கடவுள் அவரை எடுத்துக்கிட்டாரு."

"அப்படியெல்லாம் இல்லைக்கா."

"உனக்கென்னடா தெரியும்? நீ வாசல்ல உட்கார்ந்து பேப்பர் படிச்சவன்."

மாமா எடுத்துவைத்திருந்த ரயில் டிக்கெட்டையெல்லாம் ரத்து செய்துவிடச் சொன்னாள். மெக்கானிக் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் திருத்திக்கொண்டிருந்த நோட்டுகளை மூடி வைத்தாள், செருப்பை மாட்டினாள், கிளம்பினாள். மெக்கானிக் பின்னாலேயே ஓடினார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள் மனைவி, அக்காவின் எதிரே உட்கார்ந்து. "ஆபரேஷன் அன்னிக்கு என்னன்னு வேண்டிக்கிட்டீங்க?"

"அவரைத் திருப்பிக் குடுன்னு கேட்டேன்."

"எத்தனை வருஷத்துக்குன்னு கேட்டீங்களா?"

அக்கா மடித்த துண்டை மறுபடி பிரித்தாள். "அதெப்படிக் கேக்கறது? அன்னிக்கு ராத்திரி தாண்டினாப் போதும்னு இருந்துச்சு."

"ஒரு ராத்திரி கேட்டீங்க. நாலு வருஷம் குடுத்திருக்கு. நாலு வருஷமும் அந்த மனுஷன் சீட்டுல நம்மள ஏமாத்தினாரு, வாய் ஓயாமப் பேசினாரு. அதுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டாமா அண்ணி?"

அக்கா அழுதாள். மாமா இறந்த பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அங்க குளிருமா?" என்று கேட்டாள். "ஸ்வெட்டர் எடுத்து வச்சுக்கணுமா?"

ரயிலில் மாமாவுக்கென்று எடுத்த நான்காவது படுக்கையை ரத்து செய்ய மெக்கானிக் கிளம்பினபோது அக்கா தடுத்தாள். "இருக்கட்டும்டா. பையெல்லாம் வச்சுக்கலாம்."

ரயில் காலையில் கிளம்பியது. எதிர்பாராதது நடந்தது மூன்றாவது ஸ்டேஷனில். வண்டி நின்றதும் சீருடை போட்ட ஒருவர், கையில் பிளாஸ்க்கோடு, ஜன்னல் ஜன்னலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"கார்டு சார் எங்கே? இந்தப் பெட்டி, இந்த சீட்டுன்னு லெட்டர் போட்டிருந்தாரே! டீ கொண்டுவரச் சொல்லியிருந்தாரு."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பிதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். வண்டி நகரும்போதுதான் நினைவு வந்து பிளாஸ்க்கை ஜன்னல் வழியாகத் திணித்தார். பிளாஸ்க்கை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்பதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

விஷயம் புரிந்தது. டிக்கெட் எடுத்த கையோடு மாமா அந்தப் பாதை நெடுகத் தன் பழைய சகாக்களுக்கெல்லாம் கடிதம் போட்டிருக்கிறார். நான் வருகிறேன், சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஸ்டேஷனுக்கு வந்து முகத்தைக் காட்டுங்கள் என்று.

அடுத்த பெரிய ஸ்டேஷனில் ஒரு பெண் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தாள். அவளுக்குச் செய்தி ஏற்கெனவே தெரியும். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு, "நான் வேலைக்குச் சேர்ந்த மொத நாள், பயந்துபோய்த் தப்பான கொடியைக் காட்டிட்டேன். யாருகிட்டயும் சொல்லாமக் காப்பாத்தினவர் அவர்தான்" என்றாள். அக்கா ஜன்னல் கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்த ஊரில் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களிடம் அக்காவே பேசினாள்: ஷூக்கடை, ஸ்டூல், கறுப்பா பழுப்பா என்ற வாக்குவாதம், எல்லாம். மூன்று நிமிஷத்தில் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது, முடித்தாள்.

சாயங்காலம் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி இரண்டு நிமிஷம் நின்றது. மிகவும் வயதான ஒருவர், ஒரு காலத்தில் சிக்னல் பார்த்தவராம், கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். காது சரியாகக் கேட்கவில்லை.

"எங்கேம்மா அவரு?"

"செத்துட்டாரு ஐயா."

"என்னது?"

"செத்துட்டாரு!" என்று அக்கா கத்தினாள். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"விட்டுட்டாரா? வண்டியை விட்டுட்டாரா?" கிழவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "முப்பத்தாறு வருஷம் வண்டிக்குக் கொடி காட்டின மனுஷன், சொந்தப் பயணத்துக்கு வண்டியை விட்டுட்டாரா! சரி சரி, அடுத்த வண்டியில வரச் சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்!"

வண்டி நகர்ந்தது. மெக்கானிக் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து உரக்கச் சொல்லப் போனார். அக்கா அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடா. இந்த ஒருத்தருக்காவது அவர் உயிரோட இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்க வந்தது. மெக்கானிக்கும் சிரித்தார், அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிளாட்பாரக் கோடியில் கிழவர் கம்பை ஆட்டிக்கொண்டே நின்றார்.

மறுநாள் குன்றின்மேல் ஏறினார்கள். முடியாதவர்களுக்கென்று லிஃப்ட் இருந்தது. அக்கா படிக்கட்டில்தான் வருவேன் என்றாள். மேலே கூட்டம் அதிகமில்லை. கடற்காற்றில் கதவுகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. மெக்கானிக் இந்த முறை உள்ளே போனார். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அக்கா வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். அவள் கண்ணைத் திறந்ததும், மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்ததை அவர் கொட்டிவிட்டார்.

"அன்னிக்கு ஒன்றரை மணி நேரம் நீ தனியா உட்கார்ந்திருந்தே. நான் போனை எடுக்கலைக்கா."

அக்கா அவரையே பார்த்தாள். "இதையா இத்தனை நாளா தூக்கிக்கிட்டுத் திரியறே? எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பே? ஓடிவந்து என் பக்கத்துல நின்னிருப்பே. அதைத்தான் அப்புறம் வாராவாரம் ஸ்கூட்டர்ல வந்து பண்ணினியே."

அவர் அங்கேயே இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். வேண்டிக்கொண்டாரா என்று பிறகு மனைவி கேட்டதற்கு, "அதை உனக்கெதுக்குச் சொல்லணும்?" என்றார். இறங்கும்போது லிஃப்டில் வந்தார்கள். அது மூன்றாவது தடவை கதவைத் திறந்து மூடியபோது அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, காவலாளியிடம் போய், கதவுச் சக்கரம் தேய்ந்திருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

மீதி நாள்களில் மாமா சொல்லியிருந்தபடி சும்மா இருந்தார்கள். கடலில் கால் நனைத்தார்கள். அக்காவுக்கு வெயிலில் மூக்கு சிவந்துபோனது.

மகளின் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடலாமா என்று பையனின் வீட்டார் மரியாதைக்குக் கேட்டார்கள். "தள்ளிப்போட்டா அவர் திரும்பி வரப்போறாரா? ரொட்டிக்காரத் தம்பிக்கு எப்ப லீவுன்னு பாருங்க" என்று அக்கா முடித்துவிட்டாள். பதினோராவது மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து அத்தைதான் போட வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். அக்கா கையெழுத்தைப் பெரிதாக, கட்டத்துக்கு வெளியே போகும்படி போட்டாள்.

மதியம் எல்லாரும் ஒரு சின்ன சாப்பாட்டுக்கடையில் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தட்டு வந்து ஒரு கவளம் வாயில் வைப்பதற்குள் மெக்கானிக்கின் போன் அடித்தது. பக்கத்துத் தெருவில் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் ஒரு அம்மாவும் நாயும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று லீவில் இருந்தார். ஆனால் வேறு ஆள் வர ஒரு மணி நேரமாகுமாம்.

"பொண்ணு கல்யாணத்தன்னிக்கா?" என்றாள் மனைவி.

"போய்ட்டு வரட்டும் விடு" என்றாள் அக்கா. "உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு இன்னிக்கு நம்ம வீட்டுக் கல்யாணம்னு தெரியுமா?"

புதுச் சட்டையோடு போனார். முக்கால் மணி நேரத்தில் திரும்பினார். சட்டையின் கையில் கறுப்பாக ஒரு எண்ணெய்த் தீற்றல், கால்சட்டையில் நாய் மயிர். மேஜையில் எல்லாரும் சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தாள். அதைத் தூக்கினாள். சோறு இன்னும் சூடாக இருந்தது.

"நாய் கடிச்சுதா?" என்று கேட்டாள்.

"நக்கிச்சு."

"கையைக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மருமகன் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினான். அந்த அம்மா லிஃப்டுக்குள்ளேயே சாவகாசமாகத் தரையில் உட்கார்ந்து நாயிடம் கதை சொல்லிக்கொண்டிருந்ததை அவர் வாயில் சோற்றோடு விவரிக்க ஆரம்பித்தார். எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.