நானூற்று எழுபத்தொரு சொற்கள்

மலேசியாவின் கிள்ளான் ஊரில், சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் தந்திக் கவுண்டரில் பதினோரு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த சீதாலெட்சுமிக்கு, எழுதிய காகிதத்தைக் கண்டால் முதலில் தெரிவது சேதி அல்ல, சொற்களின் எண்ணிக்கை. ‘அப்பா காலமானார் உடனே வா’ என்று எழுதியவன் எதிரே விம்மிக்கொண்டு நிற்பான். இவள் பென்சிலால் தட்டிக்கொண்டே போய் ‘நாலு’ என்று குறிப்பாள். கல்நெஞ்சம் இல்லை, ஐயோ! எண்ணாமல் படித்திருந்தால் அந்த நாற்காலியில் ஒரு வாரம்கூட அவளால் இருந்திருக்க முடியாது.

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கியவள். 1984-இல், முப்பத்திரண்டாவது வயதில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று மேற்படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் தர முன்வந்தது. ஆனால் ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வில் அவர்கள் கேட்ட மதிப்பெண் வர வேண்டும். அந்த ஒரு முறைதான். அடுத்த ஆண்டு உதவித்தொகை கிடையாது.

தேர்வில் ஆங்கிலப் பகுதிகளைப் படித்து விடை குறிக்க வேண்டும். சின்னது நூற்றைம்பது சொல். பெரியது நானூற்றைம்பதையும் தாண்டும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த வீட்டில், அவளைப் பழக்க தம்பி வாசு கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தான்.

“டைம் முடிஞ்சிருச்சு. என்னக்கா சொல்றான் இதுல?”

“நானூத்தி அறுவத்திரெண்டு.”

“அக்கா! இது தந்தி இல்ல லா! யாரு உன்ன எண்ணச் சொன்னா?”

“நான் எண்ணலடா. கண்ணு எண்ணுது. நான் என்னடா செய்வேன்?”

பென்சிலைப் பிடுங்கினான், விரல் மேசையைத் தட்டியது. விரலைப் பிடித்துக்கொண்டான், நாக்கு பல்லைத் தட்டியது. வாசு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

கவுண்டரில் பக்கத்து நாற்காலிக் கன்னையாவும் விடவில்லை. “பிளேன்ல போறப்ப மேகத்த எல்லாம் எண்ணிருவியாம்மா?”

தேர்வு நாள் வந்தது. கோலாலம்பூரில் ஒரு பெரிய மண்டபம். சின்னப் பகுதியை எப்படியோ தாண்டிவிட்டாள். பெரியது, ஆழ்கடல் மீன்களைப் பற்றியது. இருநூற்றுப் பதினெட்டாவது சொல்லில் மேற்பார்வையாளர் இருமினார்.

எண்ணிக்கை தவறிப்போயிற்று!

வேறு யாராக இருந்தாலும் மேலே படித்திருப்பார்கள். ஆனால் தந்தியில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதினோரு ஆண்டுகள் அப்படித்தான் செய்திருக்கிறாள். கண் முதல் சொல்லுக்கே ஓடியது. ‘வேண்டாம், வேண்டாம்’ என்று மனம் கதறியது. கண் கேட்டால்தானே! நானூற்று எழுபத்தொன்றில் போய் நின்றபோது மணி அடித்தது. அந்தப் பகுதியின் ஏழு கேள்விகளும் வெறுமையாகக் கிடந்தன.

பல வாரங்கள் கழித்து அமெரிக்காவிலிருந்து உறை வந்தது. வாசலிலேயே நின்று பிரித்தாள். வாசு அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“சொல்லுக்கா! எடம் குடுத்தானா, இல்லியா?”

“அறுவத்து மூணு வார்த்தை, வாசு.”

அவன் கடிதத்தை வாங்கிப் படித்தான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குச் சேதி தெரிந்தது.